அறிவித்தலில் விடுபட்ட பெயர்

அந்தப் படத்தில் யாரும் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. எங்கோ ஒரு குளிர்நாடு, ஏரிக்கரையில் ஒரு மரவீடு. சாகக் கிடக்கிற ஒரு கிழவி. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு படகேறி வந்திருக்கிற அவளுடைய தம்பி. இரண்டு பேரும் மேசைக்கு இரண்டு பக்கமும் இருந்து உருளைக்கிழங்கின் தோலைச் சீவுகிறார்கள். சீவிக்கொண்டே இருக்கிறார்கள். வெளியே பனி கொட்டுகிறது. சிநேகிதி ஒருத்தி “அமைதியான படம், பார்” என்று அனுப்பியிருந்தாள். கதை இன்னதென்று தெரிந்திருந்தால் அதை அம்மாவுக்குப் போட்டுக் காட்டியிருக்கவே மாட்டேன்.

அம்மா மூன்று தலையணைகளில் சாய்ந்து கிடந்தார். வயிற்றில் கட்டி. இனி வெட்டிப் பயனில்லை, வீட்டில் வைத்து விரும்பியதைக் கொடுங்கள் என்று டொக்டர் சொல்லி ஒரு மாதம் ஆகியிருந்தது. விரும்பியது என்று அம்மாவுக்கு ஒன்றும் இருக்கவில்லை. அதனால் நான் படம் காட்டினேன். நான் ஓரிடத்தில் இருக்கத் தெரியாதவள். நோயாளிக்குப் பக்கத்தில் சும்மா இருப்பதைவிட ஒரு ஸ்டூலில் லெப்டொப்பை வைத்து, அந்நியர்கள் பேசாததைத் தமிழில் மொழிபெயர்ப்பது எனக்குச் சுகமாக இருந்தது.

“இவங்களுக்கு வாய் இல்லையா?” என்றார் அம்மா.

“பொறுங்கம்மா, கதைப்பாங்க.”

“எப்ப, செத்த பிறகா? ஒரு கிழங்கச் சீவ இவ்வளவு நேரமெண்டா மறுகா எப்ப கறி ஆக்கிற?”

கடைசியில் அக்காவும் தம்பியும் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவ்வளவுதான் படம். கறுப்புத் திரையில் பெயர்கள் ஏறத் தொடங்கின. நான் நிறுத்தப் போனேன். அம்மா கையைப் பிடித்தார்.

“இதென்ன, இவ்வளவு பேர்?”

“படத்தில வேல செய்த ஆக்கள்.”

“எல்லாற்ற பேரும் போடுவாங்களா?”

“ஓம். தேத்தண்ணி ஊத்திக் குடுத்தவன்ட பேரும் வரும்.”

கடைசிப் பெயர் மேலே ஏறி மறையும் வரைக்கும் அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சந்தைக்குப் போனாயா என்று கேட்கிற குரலில் கேட்டார்: “என்ட அறிவித்தல எழுதிற்றியா?”

எங்கள் ஊரான தன்னாமுனையில் ஒரு சாவு விழுந்தால், சவப்பெட்டிக்குச் சொல்லப் போகிற ஆளுக்கு அடுத்த ஆள் என் வாசலில் வந்து நிற்கும். மரண அறிவித்தல் எழுதுவது என் வேலை. யாரும் நியமிக்கவில்லை, எழுதுகிற பெண் என்று பெயர் வந்த நாளிலிருந்து அப்படி ஆகிவிட்டது. இன்னாரின் மகளும், இன்னாரின் மனைவியும், இன்னாரின் தாயும், சகோதரியும், மச்சாளும், பேத்தியும் என்று ஒரே வாக்கியம் ஒரு பக்கம் முழுக்க ஓடும். செத்தவர் என்ன செய்தார், எதற்குச் சிரித்தார், எந்த மீனை வெறுத்தார் என்பதெல்லாம் அதில் இராது. உறவும் பெயரும் மட்டும். அச்சடித்துச் சுவரிலும் கம்பத்திலும் ஒட்டுவார்கள். என் கவிதைகளை வாசித்தவர்கள் ஊரில் ஏழெட்டுப் பேர் இருக்கலாம். நான் எழுதிய அறிவித்தல்களை வாசிக்காதவர் யாருமில்லை. விரலை வைத்து, தங்களுடைய பெயர் வரும் வரைக்கும் வரிவரியாக வாசிப்பார்கள்.

அம்மாவின் அறிவித்தலை எழுதித்தான் வைத்திருந்தேன். அவருக்குத் தெரியாமல், ஒரு கொப்பியின் நடுப்பக்கத்தில். அந்த வெட்கத்தோடு எடுத்து வந்தேன்.

“வாசி,” என்றார்.

வாசித்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு திருத்தினார். தன்னுடைய தகப்பனின் பெயருக்கு முன்னால் நான் போட்டிருந்த பட்டத்தை எடுக்கச் சொன்னார். தகப்பன் அந்தப் பதவியில் இருந்தது மூன்று மாதமாம். “அன்பு மனைவியும்” என்ற இடத்தில், காலமாகிவிட்ட அப்பாவை நினைத்து, “அந்தாள் கேட்டாச் சிரிப்பார், சரி, கிடக்கட்டும்,” என்றார். பிள்ளைகளில் என் பெயர் வந்தது, கனடாவிலும் கட்டாரிலும் இருக்கிற என் இரண்டு தம்பிமாரின் பெயர்கள் வந்தன. “அன்புச் சகோதரியும்” என்ற இடத்துக்கு முன்னால் வந்ததும் நான் நின்றுவிட்டேன்.

“ஏன் நிப்பாட்டினாய்?”

“அதில ஒரு இடம் விட்டிரிக்கன்.”

“ஆருக்கு?”

“மாமாக்கு.”

அம்மா கண்ணைத் திறந்தார். கூரையைப் பார்த்தார். “எந்தப் பேரப் போடுற எண்டு தெரியாம விட்டாயோ?”

“ஓம்.”

“அண்டைக்கும் அப்படித்தானே விட்டாய்.”

பத்தொன்பது வருடங்களில் அதைப்பற்றி அம்மா என்னிடம் சொன்னது அந்த ஒரு வசனம்தான்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. மேசன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. அண்ணன் தம்பிமார் அக்கா தங்கைக்கு வீடு கட்டி முடித்துத்தான் தங்களுடைய கல்யாணத்தைப் பற்றி யோசிப்பார்கள். நான் இப்போது இருக்கிற இந்த வீடு, பிறகு அம்மாவிடமிருந்து எனக்கு வந்த வீடு, மாமா கட்டியது. கேற்றின் இரண்டு தூண்களுக்கும் சாந்து பூசியதும் அவர்தான். இதையெல்லாம் முடித்துவிட்டு, முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு, ஏறாவூரில் வேலைக்குப் போன இடத்தில் ஒரு முஸ்லிம் பெண்ணை விரும்பி, இஸ்லாம் மார்க்கத்துக்கு வந்து, கலிமாச் சொல்லி, புதுப்பெயர் எடுத்துக் கல்யாணம் முடித்தார். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நடுவில் அந்த நாட்கள் நல்ல நாட்களல்ல. இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு தெரு இருந்தது, அதில் பொழுதுபட்டால் ஆட்கள் போவதில்லை. அம்மாவின் தகப்பன் மகனைப் பற்றிப் பேச்சை எடுக்க விடவில்லை. ஆனாலும் மாமா இடைக்கிடை பின்வேலிப் பக்கமாக வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவார். அது எல்லோருக்கும் தெரியும். யாரும் காணாதது போல இருந்தோம்.

பிறகு அம்மாவின் தகப்பன் செத்தார். நான்தான் அறிவித்தல் எழுதினேன். மகனுடைய பெயர் வருகிற இடத்தில் பெரியவர்கள் சண்டை பிடித்தார்கள். ஞானஸ்நானப் பெயரைப் போட்டால் அவன் வேண்டாமென்று விட்ட பெயரை அவன் தலையில் கட்டுவது போலாகும் என்றது ஒரு பக்கம். புதுப்பெயரைப் போட்டால் கோயிலடியில் ஆட்கள் என்ன கதைப்பார்கள் என்றது மற்றப் பக்கம். அச்சுக்கடையிலிருந்து வந்த ஆள் சைக்கிளில் இருந்தபடி ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு நின்றார். யாருக்கும் நோகக் கூடாதென்று நான் அந்த இடத்தையே எடுத்துவிட்டேன். வாக்கியம் வழுக்கிக்கொண்டு போனது. அழகாகக்கூட இருந்தது. அப்படி நினைத்தது எனக்கு ஞாபகமிருக்கிறது, அதுதான் இன்றைக்கும் சுடுகிறது.

அன்றைக்குப் பின்னேரம் மாமா முன்வாசலால் வந்தார். முதல் தடவை முன்வாசலால். கேற்றடித் தூணில் ஒட்டியிருந்த தாளை வாசித்துவிட்டு, தகப்பனின் முகத்தைப் பாராமலே திரும்பிப் போனார் என்று கண்டவர்கள் சொன்னார்கள். பிறகு பின்வேலிக்கும் வரவில்லை.

இப்போது அம்மா சொன்னார்: “அவனிட்டயே போய்க் கேள், எந்தப் பேர் எண்டு. அந்தச் சாட்டில சொல்லு, அக்காக்குக் கனநாள் இல்லையெண்டு. வாறதெண்டா நான் முழிச்சிரிக்கக்குள்ள வரட்டும். நான் இல்லாத நேரம் வந்து என்ட முகத்தப் பாத்து என்ன செய்யப் போறான்?”

ஏறாவூருக்கு எங்கள் சந்தியிலிருந்து பஸ்ஸில் கால் மணித்தியாலம்கூட இல்லை. நடுவழியில் மயிலம்பாவெளி வர நான் ஒருதரம் இறங்கிவிடப் பார்த்தேன். கண்டக்டர் “அக்கா, ஏறாவூருக்கெல்லோ காசு தந்த?” என்று கேட்டதால் திரும்பவும் இருந்தேன். அந்தப் பிள்ளைக்கு நான் கடன்பட்டவள்.

அந்த வருடம் எங்களுடைய தவக்காலமும் அவர்களுடைய நோன்பும் ஒன்றாக வந்திருந்தன. மாமா மேசன் வேலையை விட்டுக் கனகாலம். இப்போது கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். பள்ளிவாசலுக்குப் போகிற நோன்புக் கஞ்சி அவருடைய வளவில்தான் வேகும். நான் போனபோது ஆளுயரப் புகைக்குள் நின்று, தோணித் துடுப்பு மாதிரி ஒரு அகப்பையால் துழாவிக்கொண்டிருந்தார். வெள்ளைத் தாடி, தொப்பி. அம்மாவின் மூக்கு. என்னை அடையாளம் கண்டார். துழாவுவதை நிறுத்தவில்லை.

“அடிப்பிடிக்கும். இரி,” என்றார்.

அவருடைய மனைவி கதிரை கொண்டுவந்து வைத்தார். அத்தனை வருடங்களில் அந்த முகத்தை நான் அன்றைக்குத்தான் கிட்டத்தில் பார்த்தேன். சிரிக்கும்போது ஒரு கண் மற்றதைவிடச் சின்னதாகும்.

“தேத்தண்ணி ஊத்தட்டா புள்ள? நாங்க நோம்பு, நீங்க குடிங்க.”

“எங்களுக்கும் தவக்காலம் மாமி. நான் பின்னேரத் தேத்தண்ணிய விட்டிரிக்கன்.”

“அப்ப ஒருத்தருக்கும் தேத்தண்ணி இல்ல. நல்லம், சீனி மிச்சம்!”

நான் விஷயத்தைச் சொன்னேன். அம்மாவின் வயிறு, டொக்டர் சொன்னது, கொப்பி, விட்டிருந்த இடம். மாமா கேட்டுக்கொண்டே அடுப்பில் ஒரு கொள்ளியை வெளியே இழுத்தார்.

“அண்டைக்கு அத எழுதினது நீதானே?”

“ஓம் மாமா.”

“நான் ரெண்டு தரம் வாசிச்சன். பசை காயல்ல, ஒரு மூலையக் கிளப்பி மற்றப் பக்கத்தையும் பாத்தன், பின்னுக்கு ஏதும் அடிச்சிரிக்கோ எண்டு.” அகப்பையைப் பானையின் விளிம்பில் தட்டினார். “எந்தப் பேரப் போட்டிருந்தாலும் உள்ளுக்கு வந்திரிப்பன் புள்ள. எந்தப் பேரெண்டு நீ என்னட்டக் கேட்டிருக்கலாம். இந்தா, இப்ப வந்தாய்தானே, எவ்வளவு நேரம் எடுத்த?”

மன்னிப்புக் கேட்க நான் பஸ்ஸில் அடுக்கி வைத்திருந்த வசனங்கள் எல்லாம் அந்தப் புகையில் கரைந்து போயின. “பிழைதான் மாமா,” என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.

“அந்த வாசல இனி மிதிக்க மாட்டன் எண்டு அண்டைக்கே சொல்லிற்று வந்தன்.”

“ஆரிட்டச் சொன்னீங்க?” என்று கேட்டது மாமி.

“ஆரிட்டயும் இல்ல. அந்தத் தூணுக்கு.”

“தூணுக்குச் சொன்ன சத்தியமா!” மாமி தலையில் கைவைத்தார். “கேட்டீங்களா புள்ள இந்த மனுசன்ட கதைய? தூண் கோவிச்சுக்குமெண்டு கூடப்பொறந்தவள கண்மூடி மவுத்தாகக்குள்ள பாக்காம இரிக்கப் போறார்.”

“நோம்பு முடியட்டும், பாப்பம்,” என்றார் மாமா. பானைக்குள்தான் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னேன். அம்மா கேட்டார்: “நோம்பு முடிய இன்னும் எத்தின நாள் கிடக்கு?”

“இருவது இரிக்கும்.”

“நான் அவ்வளவு நாள் இரிப்பனெண்டு அவனுக்கு ஆர் சொன்ன?”

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றைக்குத் தண்ணீரும் வாயில் வைக்கவில்லை. பிடிவாதமா, நோயா என்று பிரித்துப் பார்க்க முடியாத கட்டத்துக்கு அம்மா வந்திருந்தார். நான் அறைக்கும் குசினிக்கும் நடுவில் நடந்து நடந்து காலைத் தேய்த்தேன். ஒரு பெயரை எழுதாமல் விட்டதற்கு ஒரு முழு வாழ்க்கையின் கடைசிப் பின்னேரங்களை விலையாகக் கேட்பார்களா என்று யாரிடமோ, பக்கத்தில் ஓடுகிற ஆற்றிடமோ, கர்த்தரிடமோ, கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. பொழுதுபட இன்னும் அரை மணித்தியாலம் இருக்க, கேற்றடியில் ஓட்டோ ஒன்று நின்றது. முதலில் மாமி இறங்கினார், கையில் தூக்குச்சட்டி. பிறகு மாமா. இறங்கியவர் தெருவிலேயே நின்றார். கேற்றுக்கு வெளியே, தூணுக்கு ஒரு முழம் தள்ளி.

“இவ்வளவுக்குத்தான் என்னால இழுத்துக்கு வர ஏலும்,” என்று மாமி என்னிடம் சொன்னார். “இனி ஒங்கட பாடு.”

நான் உள்ளே ஓடினேன். “அம்மா, மாமா வந்திரிக்கார். கேற்றடியில நிக்கார். உள்ளுக்கு வாறாரில்ல.”

அம்மா படுத்த படுக்கையாகி மூன்று கிழமை. “கதிரையைக் கொண்டா,” என்றார்.

“உங்களால ஏலாதம்மா.”

“என்னால ஏலாது. நீ தூக்கு.”

பிளாஸ்டிக் கதிரையில் அம்மாவை இருத்தி, நான் ஒரு பக்கமும் மாமி மறுபக்கமுமாகப் பிடித்துத் தூக்கினோம். அவ்வளவு நிறையில்லை, அது எனக்குப் பயமாக இருந்தது. முற்றத்து மணலில் இரண்டு இடத்தில் வைத்து வைத்துத் தூக்கினோம். மாமி நோன்போடு, இடுப்பில் கைவைத்து, மூச்சு வாங்கினார். அம்மா, முன்பின் பாராத அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு, “பத்திரம் கா, உனக்கு நாரி பிடிக்கும்,” என்றார். கேற்றடிக்கு வந்து கதிரையை வைத்தோம். அம்மா உள்ளே, மாமா வெளியே, நடுவில் அந்தப் பழைய வாசல்.

கட்டிப்பிடிக்கவில்லை. அழவில்லை. அம்மா மூச்சை எடுத்துக்கொண்டு தம்பியை மேலும் கீழும் பார்த்தார்.

“கிழவனாப் போனாய்.”

“நீ மட்டும் குமரியாக்கும்.”

“தாடிக்குப் பேன் வராதா?”

மாமா தூணைப் பார்த்தார். சாந்து வெடித்திருந்த இடத்தை நகத்தால் சுரண்டினார். “ஆர் இதுக்கு மேல பெயின்ற் அடிச்ச? ஈரம் உள்ளுக்கு நிண்டு ஊதியிரிக்கு. மடையனுகள்.” அது என் கணவர் அடித்த பெயின்ற். அப்போதுதான் வேலையால் வந்து நின்றவர், அதைக் கேட்டதும் கிணற்றடிப் பக்கம் போய்விட்டார்.

மாமி தூக்குச்சட்டியைத் திறந்தார். தேங்காய்ப்பாலும் இஞ்சியும் ரம்பை இலையும் சேர்ந்த வாசம் வந்தது. “இறைச்சி போடல்ல,” என்றார் மாமா, யாரையும் பாராமல். “வெள்ளிக்கிழமையெல்லோ. உங்களுக்குத் தவக்காலம்.”

பத்தொன்பது வருடம் கழித்தும் அவருக்கு அது ஞாபகமிருந்தது. அம்மாவோ விடவில்லை.

“நோயாளிக்கு அந்தச் சட்டமில்லையெண்டு ஃபாதர் போன கிழமைதான் சொல்லிற்றுப் போனார். போட்டிருக்கலாமே, மடையா!”

மாமிதான் முதலில் சிரித்தார். பிறகு மாமா. அந்தச் சிரிப்பு அவருடைய வயிற்றிலிருந்து வந்தது, தெருவால் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

கஞ்சியைக் கிளாசில் ஊற்றி அம்மாவின் கையில் கொடுத்தேன். முதல்நாளிலிருந்து ஒன்றும் குடியாத அம்மா, அதை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

“குடிங்கம்மா.”

“அவன் இன்னும் நோம்பு திறக்கல்ல.”

“நீ நோயாளி, குடி,” என்றார் மாமா. “நேரம் வர இன்னும் பதினொரு நிமிசம் இரிக்கு.”

“இவ்வளவு காலம் பொறுத்திற்றன். பதினொரு நிமிசம் என்ன பெரிய கதையா?”

அந்தப் பதினொரு நிமிடம் போல ஒன்றை எனக்கு வேறு யாரும் தந்ததில்லை. ஆற்றிலிருந்து காற்று வந்தது. தெரு வெளிச்சம் எரிந்தது. நால்வரும் ஒரு போனைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். நேரம் வந்ததும் மாமா சட்டைப்பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து, வாய்க்குள் எதையோ ஓதி, கடித்தார். அதற்குப் பிறகுதான் அம்மா கிளாசை வாயில் வைத்தார். நாலு மிடறு. நான் எண்ணினேன்.

நாலாவது மிடறோடு அம்மாவின் தலை பக்கவாட்டில் சாய்ந்தது. களைப்பு. கதிரை சரியப் பார்த்தது. நானும் மாமியும் பிடிக்கும் முன் மாமா பாய்ந்து வந்து, கதிரையோடு சேர்த்து அல்ல, அம்மாவை மட்டும், இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டார். “ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல, அக்கா,” என்றபடி முற்றத்தைத் தாண்டி, படியேறி, தான் கட்டிய வீட்டின் அறைக்குள் வழி கேட்காமல் போய், கட்டிலில் கிடத்தினார். தலையணையைச் சரிசெய்து முடித்த பிறகுதான் எங்கே நிற்கிறார் என்பது அவருக்குத் தெரிந்தது. சுவரைப் பார்த்தார். மாமி வாசலில் நின்று, “தூணிட்ட நான் மன்னிப்புக் கேக்கன், நீங்க இரிங்க,” என்றார்.

அம்மா கண்ணைத் திறந்து மாமியைக் கிட்ட வரச் சொன்னார். “உன்ட பேர் என்ன புள்ள?”

எனக்கு நிலம் பிளந்தால் நல்லது போல இருந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது.

“நாங்க உன்ன அந்த ஏறாவூராள் எண்டுதான் கதைச்ச,” என்றார் அம்மா. “ஒளிக்கிறதுக்கு எனக்கு நேரமில்ல.”

“நாங்களும் ஒங்கள அந்தத் தன்னாமுனையாக்கள் எண்டுதான் சொல்ற, மச்சி,” என்று சொல்லிவிட்டு மாமி பெயரைச் சொன்னார். அம்மா அதை ஒருதரம் சொல்லிப் பார்த்தார். நாக்குப் புரளவில்லை. இரண்டாம் தரம் சரியாக வந்தது.

“இனிச் சொல்லு,” என்று தம்பியிடம் திரும்பினார். “எந்தப் பேரப் போடுற?”

“என்ட பேர எப்படியெண்டாலும் போடுங்க. இவள்ட பேரில்லாம என்ட பேர மட்டும் போட்டா, ஒட்டின இடமெல்லாம் போய்க் கிழிப்பன்.”

அதற்குப் பிறகு பதினாறு பின்னேரம் அவர்கள் வந்தார்கள். தூக்குச்சட்டி, பேரீச்சம்பழம், வெள்ளி தவிர மற்ற நாட்களில் கோழியிறைச்சி. இரண்டு பேரும் பெரிய விஷயம் ஒன்றும் கதைக்கவில்லை. தகப்பன் நொண்டியது வலதுகாலா இடதுகாலா என்று மூன்று நாள் சண்டை. ஆற்றில் இறால் பட்ட காலத்தில் யார் யாருடைய அத்தாங்கு வலையை மிதித்து முறித்தது என்று ஒரு நாள். “நீ கதைக்கிற கதையே மாறிப்போச்சு, வாப்பா, உம்மா எண்டுறாய்,” என்று அம்மா பகிடி பண்ணுவார். “நீ கதைக்கிறது மட்டும் மாறல்ல, அதே நாக்கு,” என்பார் மாமா. தகப்பனைக் கடைசியாகப் பாராததைப் பற்றி ஒரே ஒரு தடவை கேட்டார்: “அண்டைக்கு முகம் எப்பிடி இருந்த?” அம்மா கனநேரம் யோசித்து, “உன்னத் தேடின மாதிரி இருந்த,” என்றார். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. நான் அந்த அறையில்தான் இருந்தேன், ஆனால் அன்றைக்கு நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

அம்மா செத்தது ஒரு காலை, வெயில் ஏறத் தொடங்கிய நேரம். நான் மூத்திரப் பையை மாற்றிவிட்டுக் கை கழுவப் போன இடைவெளியில். பெருநாளுக்கு மூன்று நாள் இருந்தது. ஓட்டோவில் முதலில் வந்து இறங்கியது மாமாவும் மாமியும்தான். மாமி குசினிக்குள் போய், வந்த சனத்துக்குத் தேத்தண்ணி ஊற்றினார்; நோன்பு வாயோடு, சீனி சரியா என்று மற்றவர்களைக் குடித்துப் பார்க்கச் சொல்லி.

நான் அறிவித்தலை எழுதக் குந்தினேன். கொப்பியின் பக்கம் அம்மாவின் திருத்தங்களால் வாசிக்க முடியாமல் இருந்தது. புதுத்தாளில் முதலிலிருந்து எழுதினேன். இந்தத் தடவை ஒரு பெயரும் விடுபடக் கூடாது. பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாகக் கோடு கீறி, போன் எடுத்துக் கேட்டு, மருமக்கள், பேரப்பிள்ளைகள், கனடாவில் பிறந்த குழந்தையின் மூன்றடுக்குப் பெயர், எல்லாம். மாமாவுக்கு இரண்டு பெயரையும் போட்டேன். மாமியின் பெயரை, எழுத்துப் பிசகாமல், அவரிடமே காட்டிச் சரிபார்த்தேன். அச்சடிக்கும் முன் பார்க்க வேண்டுமென்று மாமாவையும் அச்சுக்கடைக்குக் கூட்டிப் போனேன்.

கடைக்காரர் ஒரு மாதிரித் தாளை இறக்கித் தந்தார். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்து வாசித்தார். நான் நகத்தைக் கடித்துக்கொண்டு அவருடைய விரல் போகிற வரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தன்னுடைய வரி வந்தது. நிற்கவில்லை. மாமியின் பெயர் வந்தது. தலையை ஒருதரம் ஆட்டினார். அடிவரைக்கும் போனார். பிறகு திரும்ப மேலே வந்து, நடுவில் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

“உன்ட பேர் எங்க புள்ள?”

“என்ன மாமா?”

“மக்கள்ட பேரில உன்ட பேர் இல்ல.”

தாளை வாங்கிப் பார்த்தேன். தம்பிமார் இருந்தார்கள். அவர்களுடைய பெண்சாதிமார் இருந்தார்கள். என் கணவர்கூட மருமகனாக இருந்தார். நான் இல்லை.

“அக்கா, நீங்க எழுதித் தந்ததத்தான் நான் அடிச்சன்,” என்றார் கடைக்காரர் அவசரமாக.

மாமா அவருடைய மேசையிலிருந்து பேனையை எடுத்தார். தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். “கேட்டுத்தான் போடோணும். எந்தப் பேரப் போடுற? வீட்டுப் பேரா, கவிதைக்குப் போடுற பேரா?”

அம்மா செத்து மூன்று மணித்தியாலம்கூட ஆகவில்லை. நான் அந்தக் கடையில் நின்று சிரித்தேன். சிரிப்பு எங்கே அழுகையானது என்று தெரியாது. கடைக்காரர் மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார். மாமா பொறுத்திருந்தார், பேனை தாளைத் தொடாமல். நான் பெயரைச் சொன்னேன். தம்பிமாரின் பெயர்களுக்கு மேலே, இடம் பார்த்து, செங்கல் வைக்கிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக வைத்தார்.

“மூத்தவள் முதல்ல,” என்று கடைக்காரரிடம் தாளை நீட்டினார். “இனி அடிங்க.”